சப்ரஸரின் முனை மூடியில் புல்லட் உரசிய தடம்: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்டுவழி:

வணக்கம். என்னிடம் இருப்பது .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். குழல் வாயில் உள்ள 5/8-24 மரை (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று) தொழிற்சாலையில் போட்டதல்ல, பிறகு ஒரு பட்டறையில் வெட்டியது. சப்ரஸர் (சுடும் சத்தத்தைக் குறைக்கக் குழல் வாயில் மாட்டும் உருளை) நேராக மரையில் ஏறும் வகை, சுமார் 200 மி.மீ. நீளம்.

சப்ரஸர் மாட்டினால் குண்டு விழும் இடம் கொஞ்சம் நகர்வது சகஜம். ஆனால் இங்கே நகர்ந்ததோடு நிற்கவில்லை, குறிகள் விரிந்துகொண்டே போயின. கழற்றிப் பார்த்தால் முனை மூடியின் ஓட்டை விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு பளபளப்பான தேய்வு, அதன்மேல் செம்பு நிறம் அப்பியிருக்கிறது. சுடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு மணித் திசை. உள்ளே டார்ச் அடித்ததில் கடைசி பேஃபிளில் (உள்ளே வரிசையாக நிற்கும் ஓட்டையுள்ள தடுப்புத் தகடு) மட்டும் அதே பக்கம் லேசான கீறல். மற்ற பேஃபிள்கள் சுத்தம். சப்ரஸர் இல்லாமல் சுட்டால் குறிகள் நெருக்கமாகவே விழுகின்றன.

குறை சப்ரஸரிலா, மரையிலா, தோட்டாவிலா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

நீள்பார்வை:

முதலில் அந்த சப்ரஸரை மாட்டிச் சுடுவதை நிறுத்துங்கள். இன்னொன்று சுட்டுப் பார்ப்போம் என்று வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தோட்டா விவரம் சொல்லுங்கள். புல்லட் எடை எவ்வளவு, குழலின் ட்விஸ்ட் (உள்வரிகள் ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நீளம், 1:12 என்றால் 12 அங்குலம்) என்ன? ட்விஸ்ட் போதாமல் புல்லட் தள்ளாடிப் போனால் சப்ரஸருக்குள்ளேயே உரசும். எம்16ஏ1 ராணுவ ரைஃபிளின் 1:12 குழலில் 62 கிரெய்ன் (சுமார் 4 கிராம்) எம்855 தோட்டாவைப் போட்டால் புல்லட் நிலைகொள்ளாது என்பது தெரிந்த கதை. .300 பிளாக்அவுட்டில் 220 கிரெய்ன் சப்சோனிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டா) போடுகிறவர்கள் 1:8 அல்லது அதைவிட வேகமான ட்விஸ்ட் கேட்பதும் இதனால்தான். காகிதத்தில் விழும் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, சாவித் துவாரம் போல நீண்டிருக்கின்றனவா?

காட்டுவழி:

168 கிரெய்ன், 1:10 ட்விஸ்ட். சப்ரஸர் இல்லாதபோது ஓட்டைகள் சுத்தமான வட்டம். மாட்டியபோது சுட்ட காகிதத்தில் ஒன்றிரண்டு ஓட்டைகள் மட்டும் சற்று நீளம்.

லேத்_மேசை:

தம்பி, நீங்கள் தடத்தைப் பார்த்து எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நான் கடைசல் வேலைக்காரன். துப்பாக்கிக் குழல்களுக்கு மரை வெட்டுவது என் அன்றாடத் தொழில். இந்த மாதிரிச் சேதத்தோடு வரும் சப்ரஸர்களில் நான் முதலில் பார்ப்பது தடம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான்.

புல்லட் தள்ளாடினால் தடங்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். ஒரு பேஃபிளில் மேலே, இன்னொன்றில் இடப்பக்கம் என்று இருக்கும். ஜாக்கெட் (புல்லட்டின் செம்பு உறை) கிழிந்தால் ஈயத்தின் சாம்பல் நிறப் பூச்சும் கிழிசல் துணுக்குகளும் கூடவே இருக்கும். உங்களுடையது அப்படி இல்லை. ஒரே பக்கம், அதுவும் முன்னால் போகப் போகத்தான் உரசல். 168 கிரெய்னுக்கு 1:10 தாராளம், வெறும் குழலில் ஓட்டைகள் வட்டம். அதனால் தோட்டாவை விட்டுவிடலாம். அந்த நீள ஓட்டைகள் மூடியில் பட்டுச் சாய்ந்துபோன புல்லட்கள் போட்டவை.

இனி மிச்சம் இரண்டு. மரையின் மையம் துளையின் மையத்திலிருந்து பக்கவாட்டில் விலகியிருந்தால், முதல் பேஃபிளிலிருந்து மூடி வரை இடைவெளி ஒரே அளவாகக் குறையும். உரசினால் எல்லாவற்றிலும் உரச வாய்ப்பு உண்டு. சப்ரஸர் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் பின்பக்கம் தப்பிக்கும், முனை அடி வாங்கும். உங்களுடையது சாய்வு.

சாய்வு எங்கிருந்து வருகிறது? பலரும் மரையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். மரையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. சப்ரஸரை நேராக நிறுத்துவது மரைக்குப் பின்னால் இருக்கும் தோள், அதாவது மரை முடிந்து குழல் தடிக்கும் படி. அந்தத் தோள் துளைக்கு மூலைமட்டமாக இல்லாவிட்டால், மரை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. கணக்கு போட்டுப் பார்ப்போம். தோளின் வெளிவிட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 0.07 மி.மீ. தூக்கலாக இருக்கிறது, அதாவது ஒரு தலைமுடித் தடிமன். சப்ரஸர் நீளம் 200 மி.மீ., அதாவது தோளைப்போலப் பத்து மடங்கு. அப்படியானால் முனையில் விலகல் 0.7 மி.மீ. உங்கள் மூடி ஓட்டையின் விட்டத்தை அளந்து, அதிலிருந்து புல்லட்டின் 7.82 மி.மீ.யைக் கழித்துப் பாதியாக்குங்கள். பக்கத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். 9.1 மி.மீ. ஓட்டை என்றால் 0.64 மி.மீ.தான் கிடைக்கும். தலைமுடித் தடிமன் போதும், உரசிவிடும்.

செய்து பாருங்கள். துப்பாக்கி காலியா என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். தோளையும் சப்ரஸரின் பின்முகத்தையும் கரி, எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். கரித்துகள் ஒன்று சிக்கினாலும் அதே சாய்வு வரும். நடுவில் க்ரஷ் வாஷர் ஏதும் இருந்தால் தேடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நசுங்கும் வாஷர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நசுங்காது, சப்ரஸருக்கு அது ஆகவே ஆகாது.

பிறகு தோள் முழுக்க மார்க்கர் மையைப் பூசி, காயவிட்டு, சப்ரஸரைக் கையால் இறுக முறுக்கிக் கழற்றுங்கள். தோளில் மை சுற்றிலும் ஒரே மாதிரி அழிந்து, பின்முகத்திலும் சுற்றிலும் ஒட்டியிருந்தால் நல்லது. தோளில் ஒரு பிறை மட்டும் அழிந்து, பின்முகத்தில் சுற்றிலும் மை என்றால் குறை தோளில். தோளில் சுற்றிலும் அழிந்து, பின்முகத்தில் ஒரே இடத்தில் மட்டும் மை என்றால் குறை சப்ரஸரில். சுழல்வது சப்ரஸர், அதனால் அதன் மேடு தோளைச் சுற்றிவரும். தோளின் மேடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொன்று. தோளில் பிறை வந்தால் அது இரண்டு மணித் திசையை ஒட்டித்தான் வர வேண்டும். மேடு இருக்கும் பக்கம் சப்ரஸரை முன்னால் தள்ளும், முனை எதிர்ப்பக்கம் சாயும், புல்லட் மேட்டுப் பக்க விளிம்பில் உரசும். பிறை எட்டு மணித் திசையில் வந்தால் என் கணக்கு தப்பு, மறுபடி யோசிக்க வேண்டும்.

குளிர்மலை:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சூடேறியதும் சப்ரஸர் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி முனையில்தான் அடிபடும், ஏனென்றால் அப்போது அது தோளை விட்டே விலகி மரையின் ஆட்டத்தில் தொங்குகிறது. கழற்றும்போது இறுக்கமாக இருந்ததா? நேரடி மரை வகையில் சுடுவதற்கு நடுவே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, கையுறை போட்டு அடிக்கடி முறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிந்தால் அலைன்மென்ட் ராடு ஒன்றும் இரவல் வாங்குங்கள். .30 துளைக்கு 7.62 மி.மீ.யை விடச் சற்றுக் குறைந்த, நேராக அரைத்த ராடு. மூடி வழியாகக் குழலுக்குள் விட்டு, ஓட்டையில் நான்கு பக்கமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். ஆனால் ராடு ஆறிப்போன துப்பாக்கியைத்தான் சோதிக்கும், சூட்டில் தளர்வது அதில் தெரியாது.

காட்டுவழி:

மிக்க நன்றி. கழற்றும்போது நன்றாகவே இறுகியிருந்தது, இரண்டு கையும் போட்டுத்தான் திருப்பினேன். வாஷர் எதுவும் இல்லை. மூடி ஓட்டை 9.1 மி.மீ.தான், ஐயா சொன்ன அதே அளவு.

ராடு கிடைத்தது. எட்டு மணிப் பக்கம் தாராளமான இடைவெளி, இரண்டு மணிப் பக்கம் காகிதம் நுழைக்கக்கூட இடமில்லை. மைச் சோதனையில் தோளில் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் அழிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் மை அப்படியே. சப்ரஸரின் பின்முகத்தில் முழு வளையமாக ஒட்டியிருக்கிறது. விரலால் தடவினால் தோளில் பிசிறு ஏதும் தட்டுப்படவில்லை.

அந்த மேட்டை நானே அரத்தால் லேசாக எடுத்துவிடலாமா?

லேத்_மேசை:

அரத்தைத் தொடாதீர்கள். அரத்தால் மேட்டை எடுக்கலாம், மூலைமட்டம் கொண்டுவர முடியாது. ஒரு பக்கம் மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்டுவதும் வேண்டாம்.

பிசிறு இல்லை என்கிறீர்கள், அதனால் தோள் வெட்டும்போதே சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் குழலின் வெளிவட்டத்தை மையமாக வைத்து லேத்தில் மாட்டியிருப்பார்கள். நீளத் துளை போடும்போது துளை கொஞ்சம் விலகிப் போவது சாதாரணம், வெளிவட்டத்துக்கு நடுவில்தான் துளை இருக்கும் என்று நம்ப முடியாது. துளைக்குள் பொருந்தும் ஊசி விட்டு, அதன்மேல் டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் அளவி) வைத்து, துளையையே மையப்படுத்திக் கொடுக்கும் துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். எதை வைத்து மையம் எடுப்பீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். வெளிவட்டம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அப்படி மாட்டியதும் முதலில் மரையின் சாய்வை அளக்கச் சொல்லுங்கள். மரை நேராக இருந்தால் தோளை மட்டும் மெலிதாகச் சீவினால் போதும். மரையும் சாய்ந்திருந்தால் முனையை வெட்டிவிட்டுப் புதிதாக மரையும் தோளும் க்ரவுனும் (குழல் வாய் விளிம்பின் சீவல்) போட வேண்டியதுதான். அப்படி வெட்டினால் குழல் சட்டப்படியான குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்ரஸரைத் தயாரித்தவருக்கே அனுப்புங்கள். மூடியை மாற்றித் தருவார்கள். கடைசி பேஃபிளின் கீறலையும், பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். இரண்டும் திரும்பி வந்ததும் மறுபடி மை, மறுபடி ராடு. நான்கு பக்கமும் இடைவெளி சமமாகத் தெரிந்த பிறகு தோட்டாவை எடுங்கள். ராடு படத்தை இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.