ஆறு வயது மகனுக்கு டான்சில் அறுவை சிகிச்சை அவசியமா?

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு தாய்)

வணக்கம். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குச் சென்ற ஆண்டு முழுவதும் சளியும் தொண்டை வலியும் மாறி மாறி வந்தன. மருந்துச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால், காய்ச்சலோடு தொண்டை வீங்கியது நான்கு முறை. இரவில் குறட்டை விடுகிறான். வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு தூங்குகிறான். டான்சிலும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் பெரிதாக இருப்பதால் இரண்டையும் எடுத்துவிடலாம் என்கிறார் இ.என்.டி. மருத்துவர். ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. என்ற அளவும் கூடியிருக்கிறதாம். எங்கள் குழந்தை மருத்துவரோ, வளர வளரத் தானாகச் சுருங்கிவிடும், பொறுங்கள் என்கிறார். எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று மாமியார் அஞ்சுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் (குழந்தை நல மருத்துவர், மதுரை)

அன்புச் சகோதரிக்கு, அடிக்கடி வரும் தொண்டை அழற்சிக்காக டான்சிலை எடுப்பது வேறு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்காக எடுப்பது வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் பெற்றோருக்கு முடிவெடுப்பது கடினமாகிறது.

முதலில் தொண்டை அழற்சி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பாரடைஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வின் அளவுகோலைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம்: ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை வந்திருக்க வேண்டும். வெறும் மூக்கொழுகலும் இருமலும் இந்தக் கணக்கில் சேராது. ஒவ்வொரு முறையும் தொண்டை வலியுடன் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், டான்சிலின் மேல் வெள்ளைப் படிவு, தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு ஆகியவற்றுள் ஒன்றாவது பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு வந்தது நான்கு முறை என்றால், தொண்டை அழற்சிக்காக மட்டும் இப்போது அறுவை சிகிச்சை தேவையில்லை என்பதே என் கருத்து.

ஏ.எஸ்.ஓ. பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் ஊரில் இந்த ஒரு எண்ணைப் பார்த்தே பல வீடுகளில் தூக்கம் போகிறது. ஸ்ட்ரெப் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்து போனதற்கு ரத்தத்தில் எஞ்சும் தடயம்தான் அது, பல மாதங்கள்வரைகூட உயர்ந்தே இருக்கலாம். மூட்டு வீக்கம், இதயப் பாதிப்பு போன்ற, இந்தக் கிருமித் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலின் அறிகுறிகள் இல்லாத குழந்தைக்கு அந்த எண்ணுக்காக மட்டும் டான்சிலை எடுக்கக் கூடாது. வாதக் காய்ச்சலே வந்திருந்தாலும் அதற்கான தடுப்பு மாதாந்தர பென்சிலின் ஊசிதான்.

பெரிதாக இருக்கிறது என்பதும் தனியே ஒரு காரணமாகாது. 1934இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் பள்ளிக் குழந்தைகள் 1000 பேரில் சுமார் அறுபது விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சியவர்களை மருத்துவர்களிடம் அனுப்பியபோது, அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எடுக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தார்கள். தெளிவான அளவுகோல் இல்லாவிட்டால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் நோயாகிவிடும்.

ஆனால் குறட்டை விஷயத்தில் இ.என்.டி. மருத்துவர் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். நடுநடுவே மூச்சு நின்று பிறகு திணறி இழுக்கிறானா, வியர்த்துக் கொட்டுகிறதா, படுக்கையை மீண்டும் நனைக்கத் தொடங்கியிருக்கிறானா, பகலில் எரிச்சலோடு இருக்கிறானா என்று கவனித்து, அவன் தூங்கும்போது கைப்பேசியில் பதிவு செய்து அவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்யலாம். 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஏழு மாதங்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் தூக்கப் பரிசோதனை இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. அறுவை சிகிச்சையின் பலன் தெளிவானது. லேசான தொந்தரவு உள்ளவர்கள் பொறுத்துப் பார்ப்பதிலும் நியாயம் உண்டு.

மாமியாரிடம் சொல்லுங்கள்: தொண்டையிலும் உடலெங்கும் அதே வேலையைச் செய்யும் நிணநீர்த் திசுக்கள் நிறைய இருப்பதால், பெரும்பாலான குழந்தைகளுக்கு எதிர்ப்பாற்றல் குறிப்பிடும்படி குறைவதில்லை.

பதில் (கோவையிலிருந்து ஒரு தந்தை)

என் மகளுக்கு மூச்சுத் தடைக்காகவே இரண்டையும் எடுத்தோம். அறுவை சிகிச்சையைவிட அதற்குப் பிந்தைய வாரம்தான் கடினம் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. எடுத்த இடத்தில் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் தோன்றும். அது சீழ் அல்ல. வாய் நாறும், காதும் வலிக்கும். விழுங்க அஞ்சித் தண்ணீரைக்கூட மறுப்பார்கள். நேரம் தவறாமல் பாராசிட்டமால் கொடுத்து, குழைத்த தயிர்சாதம், ஆறிய கூழ், ஐஸ்கிரீம் என்று எதையாவது உள்ளே இறக்கிவிட வேண்டும். கோடீன் என்ற வலி நிவாரணி கலந்த மருந்தை மட்டும் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது மூச்சையே அடக்கிவிடும். படலம் உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை ரத்தக் கசிவு ஏற்படலாம். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்கினாலோ, புது ரத்தம் தெரிந்தாலோ நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த இரண்டு வாரமும் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

கேள்வி கேட்ட தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்றிரவே பதிவு செய்கிறேன். எடுக்கத்தான் வேண்டுமென்றால், முழு ஆண்டு விடுமுறை வரை தள்ளிப்போடலாமா?

பதில் (குழந்தை நல மருத்துவர், மதுரை)

மூச்சு நின்று திணறுவது பதிவில் தெரிந்தால் விடுமுறைக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே இ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள். வெறும் குறட்டை மட்டும் என்றால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சில வாரங்கள் முயன்று பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். அடினாய்டு வீக்கம் அதில் குறைந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் குறட்டை தொடர்ந்தால், விடுமுறையில் செய்துகொள்வதில் தவறில்லை.