ராதா என்று ஒரு ரஷ்யப் பெண்

மருத்துவம் படிக்க ரஷ்யா போனபோது எனக்குத் தெரிந்த ஒரே சொல் "ப்ரிவியெத்", நம் ஹலோ மாதிரி. விடுதி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். சீனியர் அண்ணன் காதருகே, "டேய், அது கூடப் படிக்கிற பசங்களுக்குடா" என்றார்.

பெரியவர்களுக்கு "ஸ்த்ராஸ்த்வுயித்யே". எழுத்தில் முன்னால் இன்னொரு 'வ்' இருக்கும், அதை யாரும் உச்சரிப்பதில்லை. நலமாக இருங்கள் என்பதுதான் அதன் மூலப்பொருள். குளியலறையில் பயிற்சி எடுத்து, அந்த அம்மாவைக் கடக்கும்போதெல்லாம் சொன்னேன். மூன்றாவது முறை அவரே, "வீதெலிஸ்" என்று கையசைத்தார். பார்த்துக்கிட்டோமே என்று அர்த்தம். அங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வணக்கம். மறுபடி சொன்னால், காலையில் பார்த்ததையே மறந்துவிட்டான் என்று நினைப்பார்கள்.

அறிமுகம் செய்துகொள்வது நமக்குச் சுலபம். "யா ஸ்துத்யெந்த்", நான் மாணவன், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் யோசித்த நண்பர்கள் நடுவில் ஒரு வினைச்சொல்லைத் தேடித் தவித்தார்கள். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. நீ என்பதற்கான சொல் 'து'வுக்கும் 'தி'க்கும் நடுவில் ஒலிக்கும். 'அது' என்பதன் கடைசி உகரத்தை இழுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

மாட்டிக்கொண்டது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர். வகுப்பில் வருகை எடுக்கும்போது அப்பாவைக் கூப்பிட்டார்கள், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் ஆப்சென்ட். ஆனால் ஆசிரியர்களை நாங்கள் கூப்பிடுவதும் அப்பா பெயரோடுதான். இவானின் மகள் அன்னா என்றால் "அன்னா இவானவ்னா". நம் இனிஷியலை விரித்துச் சொல்வது மாதிரி.

----

அண்ணா, என் கதை இதைவிட மோசம். முதல் வாரம் ஒரு ரஷ்யப் பெண் கைகொடுத்து, "ராத பஸ்னகோமித்ஸ" என்றாள். அட, ராதா என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று மகிழ்ந்துபோய் போனிலும் அப்படியே பதிந்துகொண்டேன். உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று ஒரு பெண் சொல்லும் விதம் அது என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆண் சொன்னால் "ராத்". குழப்பமே வேண்டாம் என்றால் "ஓச்சின் ப்ரியாத்ன" போதும், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் உண்மைப் பெயர் தெரிந்த பிறகும் எனக்கு அவள் ராதாதான்.

----

நான் ரஷ்யா போனதில்லை, கூடங்குளம் பக்கம். அணுமின் நிலையத்து ரஷ்யர்கள் அப்பாவின் பழக்கடைக்கு வருவார்கள். "ஸ்கோல்க?" என்றால் எவ்வளவு என்று ஆறாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். ஒருநாள் பழக்கமான ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பா உள்ளே நின்றபடியே கையை நீட்டினார். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்து, சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். வாசப்படிக்குக் குறுக்கே கைகுலுக்கினால் சண்டை வருமாம்.

ஆச்சி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "படிக்கு அந்தப் பக்கம் நின்னு எதையும் வாங்கக் கூடாதுன்னு நான் சொன்னா கேக்கீங்களாலே?" என்றாள்.