41 வயதில் தெரிந்த ஏடிஹெச்டி: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அரைக்கோலம்:

போன மார்கழியில் ஒரு நாள் வாசலில் புள்ளி வைத்து, பாதிக் கோலம் போட்டுவிட்டு, காவி எடுக்க உள்ளே வந்தேன். வந்தால் முந்தின நாள் வாஷிங் மெஷினில் போட்ட துணி அப்படியே கிடந்து நாற்றம் அடிக்கிறது, அதை மறுபடி ஓடவிடப் போனால் சோப்புத் தூள் இல்லை, வாங்க வேண்டும் என்று குறித்துவைக்கப் போனை எடுத்தால் மகளின் ஃபீஸுக்கு அன்றுதான் கடைசி நாள் என்று பள்ளியிலிருந்து மெசேஜ். சரி, ஃபீஸாவது கட்டினேனா என்றால் அதுவும் இல்லை, ஓடிபிக்குக் காத்திருக்கும்போது பால் பொங்கிவிட்டது. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு வந்து, "ஏன்டி, இது வாசல்லயே கிடக்கு, மாடு மிதிச்சிருச்சு பாரு" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானே சிரிக்கிற மாதிரிதான் சொல்வேன், பல வருடமாக அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன், பி.காம் முதல் வகுப்பு, யாரும் என்னை முட்டாள் என்று சொன்னதில்லை. "பொறுப்பில்லாதவள்" என்றுதான் சொன்னார்கள்.

ஆறு வருடம் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டேன். அழுகை குறைந்தது, மறதி குறையவில்லை. அந்த டாக்டர் ஊர் மாறிப் போனதால் வேறொரு மனநல மருத்துவரிடம் போக வேண்டி வந்தது. அந்த அம்மா என் சோகத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் கேட்டார். "அஞ்சாவது படிக்கும்போது எப்படி இருந்தீங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. எனக்கு இருப்பது ஏடிஹெச்டியாக இருக்கலாம் என்றார், அதாவது கவனம் ஒரு இடத்தில் நிற்காமல் சிதறுகிற, சிலருக்கு உடம்பும் ஓயாமல் துறுதுறுவென்று இருக்கிற குறைபாடு. இது நடுவயதில் புதிதாக வந்து ஒட்டிக்கொள்கிற விஷயம் இல்லையாம், 12 வயதுக்கு முன்பே அடையாளம் இருந்திருக்க வேண்டுமாம். பழைய ரேங்க் கார்டு இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்.

கும்பகோணத்தில் அம்மா எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கணக்கில் 92, அதற்குக் கீழே ஆசிரியையின் கையெழுத்தில் "நன்றாகப் படிக்கிறாள். வகுப்பில் கவனம் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்." அடுத்த வருடமும் கிட்டத்தட்ட அதே வரி. நான் யாரையும் அடிக்கவில்லை, பெஞ்ச் மேல் ஏறிக் குதிக்கவில்லை. பிறகு யார் கண்ணில் படும்?

டாக்டர் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை உலுக்கியது. "பையை யார் அடுக்கினாங்க?" அம்மா. ஜியாமெட்ரி பாக்ஸ், டிபன், பரீட்சைத் தேதி, மாதாமாதம் வயிற்றுவலி வருகிற நாள் வரை அம்மாதான் நினைவு வைத்திருந்தார். ஹாஸ்டலுக்குப் போன முதல் வருடமே மூன்று அரியர் விழுந்தது ஏன் என்று இருபது வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மாட்டுத்தாவணி:

எனக்கு 34. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "அது ஆம்பளப் பசங்களுக்கு வர்றதுல்ல?"

மருந்து பற்றி எழுதுகிறேன், யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மெடிக்கலில் கேட்டேன், ஸ்டாக் இல்லை. ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "யாருக்கும்மா இது?" என்று கேட்ட தொனியில் எனக்கு முகமே செத்துவிட்டது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிற மருந்து, அதனால் எல்லாக் கடையிலும் வைக்க மாட்டார்கள், சீட்டு இல்லாமல் கொடுக்கவும் மாட்டார்கள். மனநல மருத்துவமனையை ஒட்டிய கடையில் கேளுங்கள், அலைச்சல் மிச்சம்.

முதல் நாள் பெரிய அதிசயமெல்லாம் இல்லை. துவைத்த துணி ஒரு பக்கெட் நிறைய இருந்தது, உட்கார்ந்து மடித்தேன். கடைசித் துணி வரை மடித்தேன். நடுவில் எழுந்து போகவில்லை. மடித்த அடுக்கைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன் என்று சொன்னால் பைத்தியம் என்பீர்கள். நான் எடுத்தது குறைந்த நேரம் வேலை செய்கிற வகை, ஏறக்குறைய நாலு மணி நேரம்தான், அப்புறம் மண்டை மறுபடி சந்தைக்கடை. பசி சுத்தமாகப் போய்விடும், மாத்திரைக்கு முன்னால் இரண்டு இட்லியாவது உள்ளே தள்ளிவிடுவேன். ஒவ்வொரு முறை போகும்போதும் பிபி, நாடித்துடிப்பு பார்க்கிறார்கள்.

என் தங்கைக்கும் இதேதான் என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டில் படபடப்பு வந்ததால் அட்டோமாக்ஸெடினுக்கு மாற்றினார்கள். அது உடனே வேலை செய்யாது, ஆறு வாரம் ஆனது, முதல் பத்து நாள் குமட்டல். "ஒண்ணும் பிரயோஜனம் இல்லக்கா" என்று மூன்றாவது வாரமே விட்டுவிடப் பார்த்தாள்.

தூக்கமில்லா_அம்மா:

நான் மாறுபட்ட அனுபவம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரீல்ஸ் பார்த்துப் பார்த்து எனக்கும் ஏடிஹெச்டிதான் என்று முடிவே பண்ணிவிட்டுத்தான் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து எல்லாம் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8. கைக்குழந்தையோடு இரவு நாலு மணி நேரம்கூடத் தூங்காதவள் நான். சின்ன வயதில் இப்படி மறந்ததுண்டா என்றார், யோசித்துப் பார்த்தால் நான் வகுப்பு லீடர். இரும்பு மாத்திரையும் தூக்கமும் பாதி சரி செய்துவிட்டன.

ஓய்வுபெற்ற_டீச்சர்:

அரைக்கோலம், உங்கள் ரேங்க் கார்டு வரியைப் படித்ததும் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்த வரியை நான் எத்தனை கார்டில் எழுதியிருப்பேன் என்று எண்ண முடியாது. 31 வருட சர்வீஸ்.

பையன்கள் என்றால் உடனே தெரிந்துவிடும், வகுப்பையே நடத்த விடமாட்டான், பெற்றோரை வரச்சொல்லுவோம். பெண் பிள்ளை பென்சிலைத் தொலைப்பாள், பக்கத்துப் பிள்ளையோடு ஓயாமல் பேசுவாள், இல்லையென்றால் ஓரமாக உட்கார்ந்து முடியைச் சுருட்டிக்கொண்டே இருப்பாள். "வாயாடி", "மந்தம்", இரண்டில் ஒன்று. அத்தோடு முடிந்தது. ஒருத்தி வீட்டுப்பாடத்தை ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து முடிப்பாள், மறுநாள் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள். முட்டி போட வைத்தேன். இப்போது அவளுக்கு முப்பது வயதாவது இருக்கும்.

ஓய்வுபெற்ற பிறகு இதைப் பற்றிப் படித்தேன். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட 20 குழந்தைகளை விவரித்தபோதே அதில் 5 பேர் பெண் பிள்ளைகள். இருந்தும் ஓடி ஆடாத, கவனம் மட்டும் சிதறுகிற வகையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980-இல்தான் தனியாகச் சேர்த்தது. நான் பயிற்சி முடித்த காலத்தில் எங்களுக்கு யாரும் இந்தப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. முட்டி போட வைத்தது நான்தான்.

கணக்குப்புலி_47:

மாதவிலக்குக்கு முந்தின வாரம் மருந்தே வேலை செய்யாத மாதிரி இருக்கிறதா யாருக்காவது? எனக்கு எப்போதும் அப்படித்தான், ஆனால் 45-க்கு அப்புறம் மாதம் முழுக்க அந்த வாரமாகவே ஆகிவிட்டது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்தால், கவனத்துக்கு உதவுகிற டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் வேலை செய்வதும் மந்தமாகும் என்று டாக்டர் விளக்கினார். மகப்பேறு மருத்துவரிடம் சொன்னால் "வயசு ஆகுதுல்ல" என்றார். இப்போது டைரியில் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோய் இரண்டு பேரிடமும் காட்டுகிறேன், அப்போதுதான் காது கொடுக்கிறார்கள்.

மாட்டுத்தாவணி:

@கணக்குப்புலி_47 அதே கதைதான். டைரியைத் தொலைக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

அரைக்கோலம்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. இது பரம்பரையாக வர வாய்ப்பு ரொம்ப அதிகம், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருந்தார். போன வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "எனக்கென்னடி மறதி, உன்னையே நான்தானே பார்த்துக்கிட்டேன்" என்று சிரித்தார். அப்போதுதான் முந்தானையைக் கவனித்தேன், மூன்று முடிச்சு. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது கேட்டேன். ஒன்று கேஸ் புக் பண்ண, இன்னொன்று பிரஷர் மாத்திரை வாங்க. மூன்றாவதைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார்.

"இது எதுக்குப் போட்டேன்?"