கிளவுட்ஃப்ளேர் போட்டும் நேராக ஐபிக்கே அடிக்கிறார்கள், வழி சொல்லுங்கள்

நண்பரின் கைத்தறிப் புடவைக் கடைத் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமையிலிருந்து தினமும் சாயங்காலம், ஆர்டர் வரும் நேரம் பார்த்து டிடாஸ் தாக்குதல் (பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்குவது).

சர்வர்: மும்பையில் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), 2 கோர், 4 ஜிபி ரேம், உபுண்டு 22.04, எஞ்சின்எக்ஸ், வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ். மெயிலும் அதே சர்வரில்தான்.

முதலில் தேடல் பெட்டி வழியாக வந்தார்கள். லாகில் வரிக்கு வரி அர்த்தமில்லாத எழுத்துகளைத் தேடும் கோரிக்கை. ஒவ்வொன்றும் புதுச் சொல் என்பதால், முன்பே சேமித்த பக்கத்தைத் தரும் கேஷ் உதவவில்லை. பிஎச்பி திணறி 502 பிழை. எஞ்சின்எக்ஸில் ரேட் லிமிட் (ஒரு ஐபிக்கு இத்தனை கோரிக்கைதான் என்ற வரம்பு) வைத்தேன். ஒரு ஐபியிலிருந்து இரண்டு மூன்று கோரிக்கைதான் வருகிறது, எதைப் பிடிப்பது? தொல்லை தரும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் அதே கதை.

அப்புறம் சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வடிகட்டும் கிளவுட்ஃப்ளேருக்கு மாறி, வருபவரின் பிரவுசரைச் சோதித்தே உள்ளே விடும் 'அண்டர் அட்டாக்' மோடு போட்டதும் அது நின்றது. ஆனால் பணம் வந்ததைத் தளத்துக்குத் தானாகத் தெரிவிக்கும் பேமென்ட் கேட்வேயின் வெப்ஹூக்கும் சேர்ந்து மாட்டியது. பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை என்று போன் மேல் போன். அந்த முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்துச் சரிசெய்தேன்.

இப்போது சர்வர் ஐபிக்கே யுடிபி வெள்ளம் (இணைப்பை நிரப்பக் குவிக்கும் டேட்டா பாக்கெட்டுகள்). கிளவுட்ஃப்ளேர் ஐபிகளைத் தவிர மற்றதை யுஎஃப்டபிள்யூவில் (சர்வரிலுள்ள ஃபயர்வால்) அடைத்தும் பயனில்லை, லைனே நிரம்பிவிடுகிறது. ஹோஸ்டிங்காரர்கள் ஐபியையே நல்ரூட் செய்துவிடுகிறார்கள் (அதற்கு வரும் எல்லா டிராஃபிக்கையும் கைவிடுகிறார்கள்). மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பார்த்தாலே ஐபி தெரியும், அது புரிகிறது.

மெயிலை வெளிச் சேவைக்கு மாற்றிப் புது ஐபி வாங்கினால், அது வெளியே கசிய வேறு என்ன ஓட்டைகளை அடைக்க வேண்டும்?