[கலைச்சொல்] "குறுக்குவழி" என்று போடலாமா? (அவசரம், வெள்ளிக்குள்)

பெயர்ப்பாளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான ஒரு பாட அத்தியாயம் என் கையில் இருக்கிறது. வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். பொருள், ஷாங்காய் மெட்ரோவின் 4ஆம் வழித்தடம். மற்றதெல்லாம் ஓடிவிட்டது. ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்: கிராஸ் பாசேஜ்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. போக ஒரு சுரங்கம், வர ஒரு சுரங்கம் என்று இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றில் தீயோ புகையோ வந்தால் பயணிகள் அடுத்ததற்குத் தப்பிப் போக, இரண்டுக்கும் நடுவே ஆங்காங்கே ஒரு சின்ன வழி வெட்டுவார்கள். இரண்டு வழிகளுக்கு இடையே 600 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சீன விதி. 2003 ஜூலை 1 விடியற்காலை, ஹுவாங்பு ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டி அப்படி ஒரு வழியை வெட்டிக்கொண்டிருந்தபோது நீரும் மணலும் உள்ளே பாய்ந்துவிட்டன. மேலே தரை இறங்கியது, கட்டடங்கள் சரிந்தன, ஆற்றின் வெள்ளத் தடுப்புச் சுவர்கூட உடைந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

நான் முதலில் எழுதிய வாக்கியம்: "குறுக்குவழி அமைக்கும்போது இந்த விபத்து நேர்ந்தது." படித்துப் பார்த்த என் தங்கை கேட்டது: "ஏன், கான்ட்ராக்டர் ஏமாத்திட்டானா?"

கைகொடுங்கள்.

—

கான்கிரீட் எழுதியது:

உங்கள் தங்கை கேட்டதும் முழுக்கத் தப்பில்லை. அதை இயற்கைச் சீற்றம் என்று விட்டுவிடவில்லை. பொறுப்பில் இருந்தவர்களின் தவறால் நேர்ந்தது என்றுதான் விசாரணையில் முடிவானது. ஆகவே குறுக்குவழியில் குறுக்குவழி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சைட்டில் நாங்கள் சி.பி. என்போம். தமிழ் ஆட்கள் சந்து என்பார்கள். "சந்துல தண்ணி கசியுது, பம்பு போடு." அவ்வளவுதான். பம்பு என்றது சும்மா இல்லை. ஷாங்காயில் பல இடங்களில் இந்தச் சந்தை சுரங்கத்தின் தாழ்வான புள்ளியில் வைத்து, கீழேயே நீர் சேரும் குழியையும் தோண்டிவிடுவார்கள். ஒரே வெட்டில் இரண்டு வேலை.

இன்னொன்று. நீளம் சில மீட்டர்தான், ஆனால் மொத்த வேலையிலும் பயமான இடம் இதுதான். பெரிய சுரங்கத்தை இயந்திரம் தன் கூட்டுக்குள் இருந்துகொண்டு தோண்டும். இதைக் கையால் வெட்ட வேண்டும். ஷாங்காய் மண்ணோ சேறு மாதிரி, நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில். அதனால் குழாய்களைச் செருகி, சுழியத்துக்குக் கீழே இருபது முப்பது பாகை குளிர்ந்த உப்புக்கரைசலை ஒரு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு, மண்ணையே பனிக்கட்டிச் சுவராக்கி, அப்புறம்தான் கடப்பாரை. அந்தச் சுவர் இளகினால் கதை முடிந்தது. 2003இல் நடந்தது அதுதான்.

என் ஓட்டு: சந்து.

—

சுவடி எழுதியது:

அன்புள்ள பெயர்ப்பாளி அம்மையார் அவர்களுக்கு,

சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கிறது: இடைகழி. வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே கழிந்து செல்லும் வழி. இது தேய்ந்து டேழியாகி, ரேழியாகி நம் பாட்டிமார் வாயில் நின்றது. மழை இரவில் திருக்கோவலூரில் மூன்று ஆழ்வார்கள் ஒதுங்கிய இடம் இடைகழிதானே? பொய்கையாரும் "பூங்கோவல் இடைகழியே" என்று பாடுகிறார். இடுக்கண் வந்த வேளையில் ஒதுங்க இடம் கொடுத்த சொல்லை விட்டுவிட்டுச் சந்து பொந்தில் தேடுவானேன்?

கூடவே ஒன்று. சுரங்கம் என்ற சொல்லையே பலர் கிரேக்கத்தின் 'சிரிங்ஸ்' என்பதிலிருந்து வடமொழி வழியாக வந்தது என்கிறார்கள். நான் ஏற்கவில்லை. சிலம்பில் மதுரையில் யானைக் கூட்டம் நடந்து போகும் "சுருங்கை வீதி" வருகிறது. சுருங்கு, சுருங்கை, சுரங்கம். வேர் இங்கே இருக்க, கிரேக்கம் எதற்கு? ஆகவே மெட்ரோவுக்கும் சுருங்கை என்றே வையுங்கள். விரிவாக அடுத்த மடலில்.

—

கான்கிரீட் எழுதியது:

> மூன்று ஆழ்வார்கள் ஒதுங்கிய இடம்

ஐயா, ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், நான்காவதாகப் பெருமாள் வந்து நெருக்கினார். ஒரு ரயில் நிறைய ஆட்களை வெளியேற்ற இந்த அளவு போதாது.

யானை விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம். ஷாங்காய் சுரங்கங்களின் உள்விட்டம் வழக்கமாக 5.5 மீட்டர். தாராளமாகப் போகும்.

—

செய்தியறை எழுதியது:

நாளிதழ் மேசையில் உட்கார்ந்து தினமும் அடி வாங்குகிறவன் சொல்கிறேன். இடைகழி என்று தலைப்பு வைத்தால் பத்தில் எட்டு பேர் கழிவுநீர்ச் செய்தி என்று தாண்டிப் போவார்கள். ரேழியை அடுக்குமாடியில் பிறந்த பிள்ளை எங்கே பார்த்தது? போகட்டும், பொருளாவது பொருந்துகிறதா? இடைகழி வெளியிலிருந்து உள்ளே போவது. இங்கே உள், வெளி கிடையாது. இரண்டும் சமமான குழாய்கள்.

"இணைப்புவழி" என்று போட்டுவிட்டுத் தூங்குங்கள் அக்கா.

—

வடமராட்சி எழுதியது:

எல்லாரும் அடிபடுறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கட ஊரில் இரண்டு தெருவை இணைக்கிற சின்னப் பாதைக்கு ஒழுங்கை என்று பெயர். இன்னும் ஒடுக்கமாக இருந்தால் குச்சொழுங்கை. சின்ன வயதில் ஆமி ரோட்டில் நின்றால் குச்சொழுங்கையால்தான் அடுத்த தெருவுக்கு ஓடுவோம். நீங்கள் கேட்கிற வேலையும் அதுதானே, ஒரு பக்கம் ஆபத்தென்றால் மற்றப் பக்கம் போகிறது? "சுரங்க ஒழுங்கை". யோசித்துப் பாருங்கள்.

சீனச் சொல்லையும் தேடிப் பார்த்தேன். லியென்லுவோ தோங்தாவ். முதற்பாதி தொடர்பு, பிற்பாதி வழி. அவர்களுக்கு அதில் குறுக்கே எதுவும் இல்லை. குறுக்கு என்ற தலையிடி ஆங்கிலத்தால் வந்தது.

—

பெயர்ப்பாளி எழுதியது:

வடமராட்சி அண்ணா, ஒழுங்கை எனக்கு நிரம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே மாணவர்கள் "ஒழுங்கு நடவடிக்கை" என்று படித்துவிடுவார்களோ என்று பயம்.

இணைப்புவழி என்றுதான் நேற்று இரவு மாற்றினேன். காலையில் அடுத்த பகுதியைத் திறந்தால், செஞ்சுரி அவென்யூ நிலையம். 2, 4, 6, 9 என்று நான்கு வழித்தடங்கள் கூடும் இடம். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணிகள் நடந்து போகும் வழிக்கு இணைப்புவழி என்று நானே பத்து இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் கூட்டம் நடக்கும் வழியும், வாழ்நாளில் யாரும் நடக்கக்கூடாது என்று நினைக்கும் வழியும் ஒரே பெயரில் இருக்கலாமா?

—

சுவடி எழுதியது:

அடுத்த மடலில் விரிவாக என்றேன் அல்லவா? சுருங்கை பற்றி. சுர் என்னும் வேருக்கு உட்செல்லுதல், துளைத்தல்...

[தொகுப்பாளர்: ஐயாவின் மடல் நீளம் கருதித் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளது.]

—

செய்தியறை எழுதியது:

விலகிப் போவதற்கு மன்னிக்கவும். அந்த விபத்தால் 4ஆம் தடம் வட்டமாகவே திறக்கவில்லை, தெரியுமா? 2005 டிசம்பர் 31 அன்று ஒரு பக்கம் வாய் திறந்த வட்டமாக ஓடத் தொடங்கியது. உடைந்த இடத்தை மேலிருந்து ஆழக் குழி தோண்டித் திரும்பக் கட்டி, 2007 டிசம்பர் 29இல்தான் வட்டம் மூடியது. நான் அப்போது செய்தி எழுதியிருந்தால் "பிறைத் தடம்" என்றே பெயர் வைத்திருப்பேன்.

மூடிய பிறகும் நிம்மதி இல்லை. ஹொங்ச்சியாவ் சாலையிலிருந்து பாவ்ஷான் சாலை வரை ஒன்பது நிலையங்களுக்கு 3ஆம் தடமும் 4ஆம் தடமும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒன்றுக்கு ரயிலைக் கூட்டினால் மற்றதற்கு இடமில்லை.

—

வடமராட்சி எழுதியது:

ஒரே முற்றத்தில் இரண்டு குடும்பம்.

—

கான்கிரீட் எழுதியது:

வியாழன் ஆகிவிட்டது. யாராவது முடித்து வையுங்கள்.

—

தொகுப்பாளர் எழுதியது:

இதுவரை வந்தவை: சந்து (1), இடைகழி (1), இணைப்புவழி (1, கேட்டவருக்கே தயக்கம்), சுரங்க ஒழுங்கை (1). தனிமடலில் ஒருவர் திருநெல்வேலி "முடுக்கு" என்றார். ஒரு பக்கம் அடைத்திருந்தாலும் முடுக்குதானே என்று நானே கேட்டு அனுப்பிவிட்டேன். வேறு வழி தெரியாததால், குறுக்கே போகும் சுரங்கம் என்ற பொருளில் குறுக்குச் சுரங்கம். மாற்றுக் கருத்து உள்ளோர் நள்ளிரவுக்குள் எழுதலாம்.

—

செய்தியறை எழுதியது: சரி.

வடமராட்சி எழுதியது: சரி, மனமில்லாமல்.

கான்கிரீட் எழுதியது: நாலு எட்டு வைத்தால் முடிகிற வழிக்குச் சுரங்கம் என்று பெயர். சரி.

சுவடி எழுதியது: சுரங்கம் என்னும் வடிவத்தை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். "குறுக்குச் சுருங்கை" என்றிருந்தால் உடன்பட்டிருப்பேன். என் முதல் தெரிவு இடைகழியே.

—

பெயர்ப்பாளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன் தங்கையிடம் ஒருமுறை படித்துக் காட்டினேன். "ஆற்றங்கரையை ஒட்டிக் குறுக்குச் சுரங்கம் வெட்டும்போது விபத்து நேர்ந்தது."

"ஓ, ஆத்துக்குக் குறுக்கே வெட்டினாங்களா?" என்றாள்.

ஆற்றைக் கடப்பது அந்த இரண்டு பெரிய சுரங்கங்கள். இது அவற்றுக்கு நடுவே. ஒரு படம் வரைந்து பக்கத்தில் போட்டுவிட்டேன்.

—

கான்கிரீட் எழுதியது:

சந்து.

—

சுவடி எழுதியது:

சந்து என்பது வடமொழிச் சந்தியின் திரிபா, தமிழ்ச் சொல்லா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றிரவு தனி இழை தொடங்குகிறேன்.