ஐஸ் பக்கெட் சவாலால் ஏஎல்எஸ் பற்றி யாருக்காவது தெரிந்ததா?

நெல்லைக்குமரன்: தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்து உடல் மெல்லச் செயலிழக்கும் நோய்தான் ஏஎல்எஸ். அதற்காக 2014-இல் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது. பணம் சேர்ந்தது சரி, விழிப்புணர்வு? அதை எப்படி அளப்பது?

வெண்பலகை: முதலில் பணம். அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு எட்டே வாரத்தில் 11.5 கோடி டாலர், அதில் 7.7 கோடி ஆராய்ச்சிக்கு. 2016-இல் என்இகே1 என்ற மரபணுவுக்கு ஏஎல்எஸ்ஸோடு உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஆய்வுக்கு அதில் ஒரு பங்கு போனது. ஏஎம்எக்ஸ்0035 என்ற ஏஎல்எஸ் மருந்துக்கும் உதவினார்கள். 2022-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பெரிய சோதனையில் பலன் தெரியாததால் 2024-இல் கம்பெனியே வாபஸ் வாங்கியது. இதைக் காட்டி "காசு வீண்" என்பது சரியில்லை, மருந்து ஆராய்ச்சியில் இது சகஜம்.

மாலதி_ந: விழிப்புணர்வில்தான் ஓட்டை. 24 மணி நேரத்தில் செய், மூன்று பேரைக் கூப்பிடு என்பதுதான் பரவிய விதி. கை மாற மாற நோயின் பெயர் உதிர்ந்துபோனது. ஹைதராபாத்தில் அது ரைஸ் பக்கெட்டாகி, ஏழைக்கு அரிசி கொடுப்பதாக மாறியது. நல்ல காரியம்தான், ஆனால் ஏஎல்எஸ் அதில் இல்லை. கூகுள் தேடல் எகிறியதை அளவுகோலாக எடுக்காதீர்கள். நோயாளி நரம்பியல் மருத்துவரிடம் சீக்கிரம் போகிறாரா என்று பாருங்கள்.

வெண்பலகை: ஆமாம். இந்த நோயில் சட்டைப் பட்டன் போட விரல் வராது, பேச்சு குழறும், தசை துடிக்கும், ஆனால் மரத்துப்போகாது. இதைக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நினைத்து எலும்பு மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைவதுண்டு. வீடியோவில் இந்த நாலு வரியும், "இஎம்ஜி (தசை, நரம்பின் மின் செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்" என்பதும் இருந்தாலே போதும்.