அத்தை கேட்ட பத்து நிமிஷம்

கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு துப்பறியும் நாவலில் என்ன மிச்சம் என்று நண்பர் கேட்டிருந்தார். என் அனுபவம் இது.

2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கையில் இருந்தது பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய அகதா கிறிஸ்டி, 1926இல் வெளிவந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்'. பகல் முழுக்கத் திண்ணையில் படிப்பேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தைக்கு அதுவரை படித்ததைச் சொல்வேன். (நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைத் தொடாமல் இதைச் சொல்ல முடியாது.)

துப்பறிபவர் பொய்ரோ, ஓய்வு பெற்று அந்த ஊரில் சுரைக்காய் மாதிரி ஒரு காய் வளர்க்கிறவர். அத்தைக்கு அவரைப் பிடித்தது. அதைவிட, வீட்டைவிட்டு நகராமல் பால்காரன் மூலமே ஊர்க்கதை சேகரிக்கும் டாக்டரின் அக்கா கரோலினை ரொம்பப் பிடித்தது. ஏனென்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

கதையைச் சொல்கிறவர் டாக்டர்தான், 'நான்', 'நான்' என்று. நானோ வசதிக்காக, "டாக்டர் போனாரு, டாக்டர் பார்த்தாரு" என்று மாற்றிவிட்டேன். கொலையாகப்போகிற ஆக்ராய்டிடம் கடிதம் வந்தது 8.40க்கு; கூட இருந்த டாக்டர் அங்கிருந்து கிளம்பியது 8.50க்கு, கடிதம் அப்போதும் படிக்கப்படாமல் இருந்தது. இதையும் அப்படியே ஒப்பித்தேன்.

புயலில் சாய்ந்த முருங்கையிலிருந்து கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினார். "அந்தப் பத்து நிமிஷம் இன்னா பண்ணான் அந்த டாக்டரு?"

"அத்தை, கதையச் சொல்றதே அவருதான்."

"சொல்றவன் மறைக்க மாட்டானா தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசி அத்தியாயம் படித்ததும் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். கிறிஸ்டி எங்கேயும் பொய் சொல்லவில்லை. அந்த 8.40, 8.50 இரண்டும் என் கண்ணெதிரேதான் கிடந்தன. 'நான்' என்ற சொல்லை நம்பித் தாண்டிப் போயிருக்கிறேன். முதல் தடவையைவிட இந்த இரண்டாம் தடவைதான் எனக்கு ருசி. அத்தைக்கோ அந்த 'நான்' காதிலேயே விழவில்லை.

தோல்வியை ஒப்புக்கொள்ளப் போனேன். அத்தை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அது கெடக்கட்டும். அந்தச் சுரக்கா காய்ச்சுதா?"